ஆரில் அச்சுக்குப் போகும் வரைபடம்: முதலில் அளவு, அப்புறம் அழகு

ஆய்வேட்டுக்கோ ஆய்விதழுக்கோ, புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆரில் வரைபடம் போடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். திரையில் பளிச்சென்று இருந்த படம் இதழில் ஒரு பத்தி அகலத்துக்குச் சுருங்கியதும் எழுத்தே தெரியாமல் போய்விடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் லெஜெண்ட் (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் பெட்டி) படத்தின் பாதியை விழுங்குகிறது. லெஜெண்டை நகர்த்தினால் புள்ளிகள் மறைகின்றன. இந்த இழுபறிக்குக் காரணம் ஒன்றுதான். படம் கடைசியில் எத்தனை மில்லிமீட்டர் அகலத்தில் அச்சாகும் என்று தெரியாமலே வரைகிறோம். சட்டையைத் தைத்து முடித்துவிட்டு ஆளை அளவெடுக்கிற கதை.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும். ஆர் நிரலை எழுதி ஓட்டும் செயலியான ஆர்ஸ்டூடியோவில் முதல் மூன்று நான்கு எழுத்துகளை அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே காட்டிவிடும்.

தேவையானவை

ஆர், ஆர்ஸ்டூடியோ, படம் வரையும் ஜிஜிபிளாட்2 தொகுப்பு, படத்தைக் கோப்பாக்க உதவும் ராக் என்ற தொகுப்பு (தொகுப்பு என்பது ஆரில் கூடுதலாக நிறுவிக்கொள்ளும் கட்டளைகளின் கட்டு). நான்கும் இலவசம். ஜிஜிபிளாட்2-ஐ ஹேட்லி விக்கம் 2007-இல் வெளியிட்டார். தரவு, அச்சுகள், புள்ளிகள், கோடுகள், நிறங்கள் என்று ஒவ்வொன்றையும் தனி அடுக்காக எழுதி, கூட்டல் குறியால் இணைத்துக்கொண்டே போவது அதன் முறை. பிடிக்காத அடுக்கை மட்டும் தூக்கிவிட்டு வேறொன்றைப் போடலாம் என்பதால் அச்சுக்குத் தயார் செய்யும் வேலைக்கு இதுதான் வசதி. ஆரோடு கூடவே வரும் பழைய பிளாட் கட்டளையிலும் நல்ல படம் போடலாம். ஆனால் புதிதாகக் கற்பவர் இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பழகுவதற்குப் பென்குயின் தரவை எடுத்துக்கொள்வோம். அண்டார்க்டிகாவின் பாமர் நிலையத்துக்கு அருகே உள்ள மூன்று தீவுகளில் 2007 முதல் 2009 வரை அளந்த 344 பென்குயின்களின் விவரம் அதில் இருக்கிறது. அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என்று மூன்று இனங்கள். ஆர் 4.5 பதிப்பிலிருந்து இந்தத் தரவு ஆருக்குள்ளேயே வருகிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பாமர்பென்குயின்ஸ் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். இரண்டிலும் தரவு ஒன்றுதான், ஆனால் தரவு அட்டவணையில் பத்திகளின் பெயர்கள் வேறு. ஒரு பதிப்புக்காக எழுதிய கட்டளையை மற்றொன்றில் ஒட்டிவிட்டு "அப்படி ஒரு பத்தியே இல்லை" என்று ஆர் திட்டும்போது திகைக்க வேண்டாம். நேம்ஸ் கட்டளை கொடுத்துப் பெயர்களைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

படி 1: மில்லிமீட்டரை முடிவு செய்யுங்கள்

எந்த இதழுக்கு அனுப்பப் போகிறீர்களோ அதன் ஆசிரியர் வழிகாட்டியில் படங்கள் பற்றிய பகுதியைத் திறந்து ஒற்றைப் பத்தி அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்சேவியர் இதழ்கள் பொதுவாக ஒற்றைப் பத்திக்கு 90 மி.மீ., முழு அகலத்துக்கு 190 மி.மீ. என்று கேட்கும். நேச்சர் இதழின் அளவு 89 மி.மீ., 183 மி.மீ. என்று பலகாலமாக இருந்துவருவது. ஆய்வேடு என்றால் ஏ4 தாளின் 210 மி.மீ. அகலத்தில் இரு பக்க ஓரங்களையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் அகலம். நாம் இங்கே 90 மி.மீ. அகலம், 70 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போதே படத்தைச் சேமிக்கும் ஜிஜிசேவ் கட்டளையை எழுதிவிடுங்கள். படம் இன்னும் வரையவே இல்லையே என்றால் பரவாயில்லை, முதலில் எழுத வேண்டியது இதுதான். கோப்பின் பெயர், விட்த் 90, ஹைட் 70, யூனிட்ஸ் மி.மீ., டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பது) 300. யூனிட்ஸ் கொடுக்க மறந்தால் ஆர் அதை அங்குலம் என்று எடுத்துக்கொள்ளும். 90 அங்குல அகலத்தில் படம் கேட்டால் "இவ்வளவு பெரிதாகவா?" என்று பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும், அந்த மட்டும் நல்லது. அகலம், உயரம் இரண்டையுமே கொடுக்காமல் விட்டால்தான் ஆபத்து. அப்போது ஆர்ஸ்டூடியோவின் படச் சாளரம் அந்த நேரத்தில் எவ்வளவு பெரிதாகத் திறந்திருக்கிறதோ அந்த அளவில் சேமித்துவிடும். ஒரே கட்டளை நேற்று ஒரு மாதிரியும் இன்று வேறு மாதிரியும் படம் தருவதன் மர்மம் இதுதான்.

இனிமேல் படத்தைப் பார்ப்பதும் சேமித்த கோப்பில்தான். ஆர்ஸ்டூடியோவின் படச் சாளரத்தை நம்பாதீர்கள். சாளரத்தை இழுத்து அகலப்படுத்தினால் புள்ளிகளுக்கு நடுவே இடம் கூடும், எழுத்தோ அப்படியே நிற்கும். அங்கே அழகாகத் தெரிவதற்கும் அச்சில் தெரிவதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஜிஜிசேவை ஓட்டி, கோப்பைத் திறந்து, அச்சு அளவில் பாருங்கள்.

படி 2: அலங்காரம் இல்லாமல் ஒரு படம்

கிடை அச்சில் துடுப்பின் நீளம், நெடு அச்சில் உடல் எடை, இனத்துக்கு ஒரு நிறம். ஜிஜிபிளாட் கட்டளைக்குள் தரவின் பெயர். அடுத்து ஏஈஎஸ் அடைப்புக்குள் எக்ஸ், ஒய், கலர் மூன்றும். கூட்டல் குறி போட்டு ஜியோம் பாயிண்ட். படம் வந்துவிடும். கூடவே இரண்டு வரிசைகளை நீக்கிவிட்டதாக ஓர் எச்சரிக்கையும் வரும். இரண்டு பென்குயின்களுக்கு அளவுகளே பதிவாகவில்லை, அதைத்தான் சொல்கிறது. எச்சரிக்கையை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். படத்தில் இருப்பவை 342 புள்ளிகள், படக்குறிப்பில் எழுத வேண்டிய எண்ணும் 342. மதிப்புரையாளர்கள் இதைத்தான் முதலில் எண்ணிப் பார்ப்பார்கள்.

இந்தக் கட்டத்தில் பலரும் தடுமாறுவது நிறத்தை எங்கே எழுதுவது என்பதில். புள்ளிகள் எல்லாம் நீலமாக இருக்கட்டும் என்று நினைத்து, ஏஈஎஸ் அடைப்புக்குள் கலர் என்பதற்கு நேராக "நீலம்" என்று எழுதிப் பாருங்கள். புள்ளிகள் இளஞ்சிவப்பாக வரும். பக்கத்தில் "நீலம்" என்ற வகையைக் காட்டும் ஒரு லெஜெண்டும் முளைக்கும். ஏஈஎஸ்-க்குள் எழுதுவதையெல்லாம் ஆர் தரவாகப் பார்க்கிறது. "நீலம்" என்ற பெயரில் ஒரு வகை இருப்பதாக எண்ணி, வழக்கமாக முதல் வகைக்குக் கொடுக்கும் நிறத்தைக் கொடுத்துவிட்டது. தரவைப் பொறுத்து மாற வேண்டியது ஏஈஎஸ்-க்குள்ளே, எல்லாவற்றுக்கும் பொதுவானது அதற்கு வெளியே. இது பிடிபட்டால் ஜிஜிபிளாட்டில் பாதி பிடிபட்ட மாதிரி.

படி 3: தீம், எழுத்தளவு

சாம்பல் பின்னணியும் வெள்ளைக் கட்டங்களும் ஜிஜிபிளாட்டின் இயல்பான தோற்றம். திரையில் நன்றாகத்தான் இருக்கும், அச்சில் அழுக்கேறிய மாதிரி தெரியும். படத்தின் தோற்றத்தை மாற்றும் கட்டளைதான் தீம். தீம் கிளாசிக் போட்டால் இரண்டு அச்சுக் கோடுகள் மட்டும் நிற்கும். மதிப்புகளைக் கண்ணால் படித்தெடுக்க வேண்டிய படம் என்றால் மெல்லிய கட்டங்கள் உள்ள தீம் பிடபிள்யூ நல்லது. அதற்கு மேல் தீம்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தீமின் அடைப்புக்குள் பேஸ் சைஸ் என்று ஓர் எண் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் 11 பாயிண்ட். 90 மி.மீ. படத்துக்கு அது பெரிது, 8 கொடுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சின் தலைப்புதான் அந்த 8 பாயிண்டில் வரும். அச்சில் இருக்கும் எண்கள் அதில் 0.8 மடங்கு, அதாவது 6.4 பாயிண்ட். லெஜெண்டின் எழுத்தும் அப்படியே. எந்த எழுத்தும் 8 பாயிண்டுக்குக் குறையக் கூடாது என்று இதழ் சொன்னால் பேஸ் சைஸ் 10 கொடுக்க வேண்டும், அல்லது அச்சு எண்களுக்குத் தனியே அளவு கொடுக்க வேண்டும். பழைய பதிப்புகளிலும் தீம் பிடபிள்யூவிலும் அந்த எண்கள் அடர்சாம்பலில் வரும். அவற்றைக் கறுப்பாக்கிவிடுங்கள், சிறிய எழுத்துக்குச் சாம்பல் ஒத்துவராது.

படத்துக்குள்ளேயே எழுத்து போடும் ஜியோம் டெக்ஸ்ட் விஷயத்தில் இன்னொரு சிக்கல். தீமில் எழுத்தளவு பாயிண்டில், ஜியோம் டெக்ஸ்டில் சைஸ் மில்லிமீட்டரில். இரண்டு இடத்திலும் 7 என்று கொடுத்தால் ஒன்று சரியாக இருக்கும், மற்றது கிட்டத்தட்ட 20 பாயிண்டில் பூதாகாரமாக நிற்கும். வேண்டிய பாயிண்டை 2.845 ஆல் வகுத்துக் கொடுங்கள். 7 பாயிண்டுக்கு 2.46. ஜிஜிபிளாட்2-இன் 3.5 பதிப்பிலிருந்து யூனிட்டைப் பாயிண்ட் என்றே சொல்லவும் வழி இருக்கிறது. கோட்டுத் தடிமனுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. லைன்விட்த் 1 என்றால் ஏறத்தாழ 2.1 பாயிண்ட் தடிமன். எனவே அரை பாயிண்ட் கோடு வேண்டுமென்றால் 0.24 போடுங்கள்.

படி 4: பெயர்களும் லெஜெண்டும்

அச்சில் பத்தியின் பெயர் அடிக்கோட்டோடு அப்படியே நிற்கும் படத்தை அனுப்பினால், அவசரத்தில் அனுப்பியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். லேப்ஸ் கட்டளையில் "துடுப்பின் நீளம் (மி.மீ.)", "உடல் எடை (கிராம்)" என்று யூனிட்டோடு எழுதுங்கள். படத்தின் மேல் தலைப்பு வேண்டாம். இதழ்களில் தலைப்பு கீழே படக்குறிப்பில்தான் வரும்.

லெஜெண்டை வலப்பக்கம் விட்டால் 90 மி.மீ. அகலத்தில் கால்வாசி அதற்கே போய்விடும். நம் படத்தில் மேல் இடது மூலை காலியாக இருக்கிறது. நீளத் துடுப்புள்ளவை எடையும் கூடுதலாக இருப்பதால் புள்ளிகள் கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்கு ஏறுகின்றன. லெஜெண்டை அங்கே கொண்டு வையுங்கள். அதைவிட நல்லது, லெஜெண்டை எடுத்துவிட்டு ஒவ்வொரு கூட்டத்தின் பக்கத்திலேயே இனப் பெயரை எழுதுவது. ஆனால் இந்தப் படத்தில் அடேலியும் சின்ஸ்ட்ராப்பும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. எனவே இங்கே லெஜெண்டை விட வழியில்லை.

படி 5: நிறம்

ஜிஜிபிளாட் தானாகக் கொடுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். எந்த நிறமும் மற்றதைவிடத் தூக்கலாகத் தெரியக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பிரகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதனால் வந்த விளைவு. திரைக்கு நல்ல யோசனைதான். மதிப்புரையாளர் லேசர் பிரிண்டரில் அச்செடுத்துப் படிப்பவராக இருந்தால் உங்கள் மூன்று இனமும் ஓரினமாகிவிடும்.

சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாதவர்களையும் நினைக்க வேண்டும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறை உண்டு. மசாடாகா ஒகாபே, கெய் இட்டோ என்ற இருவர் இவர்களுக்கும் பிரித்தறியத் தெரியும் 8 நிறங்களைத் தொகுத்தார்கள். ஆர் 4.0-இலிருந்து பேலட் டாட் கலர்ஸ் கட்டளையில் அது கிடைக்கிறது. எடுத்துக்கொண்டு ஸ்கேல் கலர் மேனுவலில் போட்டதும் புள்ளிகள் எல்லாம் சாம்பலாகிவிட்டால் பதற வேண்டாம். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது. "கறுப்பு", "ஆரஞ்சு" என்ற பெயர்களில் பென்குயின் இனம் எதுவும் இல்லையே என்று ஆர் கைவிரித்துவிடுகிறது. அன்நேம் என்ற கட்டளைக்குள் பட்டியலைப் போட்டால் பெயர்கள் உதிர்ந்து, நிறங்கள் ஒழுங்காக உட்காரும். அதில் உள்ள மஞ்சளை மட்டும் வெள்ளைப் பின்னணியில் பயன்படுத்தாதீர்கள், தெரியவே தெரியாது.

நிறத்தோடு சேர்த்து வடிவத்தையும் மாற்றுங்கள். அடேலிக்கு வட்டம், சின்ஸ்ட்ராப்புக்கு முக்கோணம், ஜென்டூவுக்குச் சதுரம். ஏஈஎஸ்-க்குள் ஷேப் என்று ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதான். நிறம், வடிவம் இரண்டுக்கும் லேப்ஸில் ஒரே தலைப்பு கொடுத்தால் லெஜெண்டும் ஒன்றாகவே இருக்கும். வேறு வேறு தலைப்பு கொடுத்தால் இரண்டாகப் பிரிந்துவிடும். வெப்பநிலை, அடர்த்தி மாதிரி தொடர்ந்து கூடிக் குறையும் எண்ணுக்கு வானவில் நிறங்கள் வேண்டாம், விரிடிஸ் என்ற நிற வரிசையைப் போடுங்கள். கறுப்பு வெள்ளையிலும் அது வெளிச்சத்திலிருந்து இருளுக்கு ஒழுங்காக இறங்கும்.

படி 6: படம் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது

இதே தரவில் அலகின் நீளத்தையும் தடிமனையும் எடுத்து, 342 புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே நேர்கோடு போட்டால் கோடு கீழ்நோக்கிச் சரியும். நீள அலகுள்ள பென்குயினுக்குத் தடிமன் குறைவு என்று முடிவு கட்டத் தோன்றும். இனவாரியாக மூன்று கோடுகள் போடுங்கள், மூன்றும் மேல்நோக்கி ஏறும். ஜென்டூவுக்கு அலகு நீளம், தடிமன் குறைவு. அடேலிக்கு நேரெதிர். இரண்டையும் கலந்ததால் வந்த மாயம் அது. புள்ளியியலில் இதைச் சிம்ப்சன் முரண் என்பார்கள். இந்தக் கோட்டைப் போடும் ஜியோம் ஸ்மூத் கட்டளையை எழுதும் முன் ஏஈஎஸ்-க்குள் இனத்தைப் பிரித்திருக்கிறீர்களா என்று பார்ப்பது அழகைவிட முக்கியம்.

அச்சின் எல்லையைச் சுருக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒய்லிம் கட்டளை எல்லைக்கு வெளியே உள்ள புள்ளிகளைக் கணக்கிலிருந்தே எறிந்துவிடும். கோடும் பெட்டிப்படமும் மீதித் தரவுக்கு மட்டும் போடப்படும். படத்தின் ஒரு பகுதியை நெருங்கிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் கோஆர்ட் கார்டீசியனில் எல்லை கொடுங்கள், கணக்கு மாறாது.

தூண் வரைபடம் பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். புள்ளி வரைபடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு குழுவுக்கு ஐந்தாறு அளவுகள்தான் இருக்கின்றன என்றால் தூண் எதற்கு? அந்தப் புள்ளிகளையே போடுங்கள். ஒன்றன் மேல் ஒன்று விழாமல் இருக்க ஜிட்டர் போட்டால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புள்ளிகள் கொஞ்சம் இடம் மாறும். பொசிஷன் ஜிட்டருக்குள் சீட் என்று ஓர் எண் கொடுத்துவிட்டால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். பிழைக்கோடு போட்டால் அது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, 95 சதவீத நம்பக இடைவெளியா என்று படக்குறிப்பில் எழுதாமல் விடாதீர்கள். எழுதாத பிழைக்கோட்டுக்கு அர்த்தமே இல்லை.

படி 7: சேமிப்பது

புள்ளிகளும் கோடுகளும் எழுத்துகளும் மட்டும் உள்ள படத்துக்குப் பிடிஎஃப் நல்லது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. ஆயிரக்கணக்கில் இல்லாமல் லட்சக்கணக்கில் புள்ளிகள் இருந்தால் பிடிஎஃப் திறக்கவே திணறும், அப்போது டிஃப் அல்லது பிஎன்ஜி. சில இதழ்கள் இபிஎஸ் கேட்கும். இபிஎஸ் ஒளி ஊடுருவும் நிறத்தை ஏற்காது. ஆல்ஃபா கொடுத்து லேசாக்கிய புள்ளிகள் அதில் காணாமலே போகலாம், சேமித்த பிறகு கட்டாயம் திறந்து பாருங்கள்.

டிபிஐ பற்றிப் பெரிய குழப்பம் உண்டு. டிபிஐ-ஐக் கூட்டினால் எழுத்து பெரிதாகாது, கோப்புதான் பெரிதாகும். 90 மி.மீ. அகலம் 300 டிபிஐ-இல் 1063 பிக்சல், 600-இல் 2126. முழு அகலமான 183 மி.மீ.க்கு 120 மி.மீ. உயரத்தில் 600 டிபிஐ டிஃப் கேட்டால் சுருக்காத கோப்பு 35 எம்பியைத் தாண்டும். கம்ப்ரஷன் என்ற இடத்தில் எல்இசட்டபிள்யூ கொடுத்தால் தரம் கெடாமல் நன்றாகச் சுருங்கும். ராக் தொகுப்பு நிறுவியிருந்தால் பிஎன்ஜி, டிஃப் படங்களை ஜிஜிசேவ் தானாகவே அதன் வழியாக வரையும். விளிம்புகள் வழவழப்பாக வரும்.

ஆய்வேட்டை வேர்டில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தைக் காப்பி பேஸ்ட் செய்யாமல் இன்செர்ட் வழியாகச் சேருங்கள். அதற்கு முன் அட்வான்ஸ்ட் அமைப்புகளில் படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் 600 டிபிஐ-இல் கொடுத்தது கோப்பைச் சேமிக்கும்போது ஓசையில்லாமல் 220-க்கு இறங்கிவிடக்கூடும்.

தமிழில் அச்சுத் தலைப்பு போடுபவர்களுக்கு

தமிழ் இதழுக்கோ கட்டுரைக்கோ படம் போடுகிறீர்கள் என்றால், வழக்கமான பிடிஎஃப் சேமிப்பில் தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் புள்ளிகளாக வரும். அந்தப் பழைய முறைக்குத் தமிழ் தெரியாது. ராக் வழியாகப் பிஎன்ஜி எடுத்தால் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். பிடிஎஃப்தான் வேண்டும் என்றால் ஜிஜிசேவில் டிவைஸ் என்ற இடத்தில் கெய்ரோ பிடிஎஃப் கொடுத்துப் பாருங்கள். எழுத்துருவையும் சொல்லிவிடுங்கள். தீமில் பேஸ் ஃபேமிலி என்ற இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், அல்லது விண்டோஸில் ஏற்கனவே இருக்கும் நிர்மலா யூஐ. ஜிஜிபிளாட்2-இன் 4.0-க்கு முந்தைய பதிப்புகளில் தீமில் சொன்னது ஜியோம் டெக்ஸ்டுக்குப் போய்ச் சேராது, அங்கே ஃபேமிலியைத் தனியே எழுத வேண்டும். சோதிக்க "கொ", "பௌ", "ஸ்ரீ" மூன்றையும் தலைப்பில் போட்டுப் பாருங்கள். இவை உடையாமல் வந்தால் மற்றவை வந்துவிடும்.

பல படங்களை ஒன்றாக்குவது

தனித்தனிப் படங்களை வேர்டிலோ பவர்பாயிண்டிலோ ஒட்டி அடுக்காதீர்கள். அச்சுக் கோடுகள் நேராக நிற்காது. பேட்ச்வொர்க் தொகுப்பில் இரண்டு படத்துக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் பக்கத்தில் பக்கத்தில், சாய்கோடு போட்டால் மேலும் கீழும். அ, ஆ என்று பகுதி எழுத்துகளையும் அதிலேயே போடலாம். ஒரே தரவை இனவாரியாகப் பிரித்துக் காட்ட மட்டும் என்றால் இதுவும் வேண்டாம், ஃபேசட் ராப் ஒரு வரியில் முடித்துவிடும்.

ஒரே கட்டுரையில் நான்கைந்து படங்கள் இருந்தால் தீம், எழுத்தளவு, நிறங்கள், அகலம் எல்லாவற்றையும் ஒரு தனி ஆர் கோப்பில் எழுதி, ஒவ்வொரு படத்தின் நிரலும் அதை சோர்ஸ் கட்டளையால் முதலில் அழைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இதழ் திருப்பி அனுப்பி, இன்னோர் இதழுக்கு 90-ஐ 183 ஆக்க வேண்டி வந்தால் அந்த ஒரு கோப்பில் ஓர் எண்ணை மாற்றிவிட்டு எல்லாப் படங்களையும் ஓட்டிவிடலாம். அகலம் இரட்டிப்பானதும் லெஜெண்டை எங்கே வைப்பது என்று மட்டும் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும்.